இரண்டு லட்சம் போதும்

ஜூன் 5, வியாழன்

இந்த வாரம் 'கிங்டம்' இல்லை. பழைய சீனாவின் போர்களைச் சொல்லும் ஜப்பானியப் படக்கதை, வாரம் ஒரு அத்தியாயமாக வருவது. ஹரா யசுஹிசா 2006 ஜனவரியிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறார், அவருக்கும் ஓய்வு வேண்டும்தான். ஆனாலும் இந்த வாரம் வந்திருக்கலாம்.

ஜூன் 6

தம்பியின் வெள்ளணு எண்ணிக்கை 200. நேற்றும் அதேதான்.

ஜூன் 8, ஞாயிறு

கதையில் வரும் கியோ முற்றுகையைப் பற்றி மறுபடியும் சண்டை. கியோ, ஜாவ் நாட்டின் ஊர். மருத்துவமனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இருவர் காதிலும் தொலைபேசி.

"ஒரு ஊரைப் பிடிக்கப் பத்துத் தொகுதிகளுக்கு மேலா அக்கா? இழுவை."

பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் இதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். கி.மு. 236இல் ச்சின் நாட்டின் மூன்று தளபதிகள் கியோவைத் தாக்கினார்கள், ஒன்பது ஊர்களைப் பிடித்தார்கள். அவ்வளவுதான். அந்த வரிகளுக்குள்ளிருந்து ஹரா எடுத்தது பசியை. ச்சின் தளபதி ஓசென் மதிலைப் பார்த்ததுமே இதில் ஏற முடியாது என்று முடிவு கட்டுகிறார். சுற்றியுள்ள சிறிய ஊர்களைப் பிடித்து, மக்களைக் கொல்லாமல் துரத்துகிறார். அவர்களுக்குப் போக்கிடம் கியோ ஒன்றுதான். கியோ கதவைத் திறக்கிறது, அன்றிலிருந்து அதன் களஞ்சியம் வற்றத் தொடங்குகிறது. வெளியே நிற்கும் ச்சின் படைக்கும் சோறு வரப்போவதில்லை, ஏனென்றால் எல்லை ஊரான ரெத்சுபியைத் தாண்டும்போதே ஓசென் உணவு வரும் வழியைக் கைவிட்டுவிட்டார். யார் வீட்டில் அடுப்பு முதலில் அணையும் என்பதுதான் போர். மற்ற வாள்வீச்செல்லாம் அந்த நாட்களைக் கடத்துவதற்கு. இதை மூன்று அத்தியாயங்களில் சொல்லியிருந்தால் களஞ்சியம் எரியும் அந்தப் பக்கத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்திருக்குமா? துரத்தப்பட்ட மக்களோடு மக்களாக ஓசெனின் ஆட்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்பதை நாமும் மறந்துபோகும் அளவுக்கு நாட்கள் நகர்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீளம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தானியக் கணக்கு சரி. ஒவ்வொரு தளபதியும் சாவதற்கு முன் அவருடைய பழைய கதையைச் சொல்கிறாரே, அது எதற்கு?" என்றான். அதற்குள் செவிலியர் வந்துவிட்டார்.

ஜூன் 9

காலையில் அரை இட்லி. மதியம் இரண்டு கரண்டி கஞ்சி. இரவு வேண்டாம் என்றுவிட்டான்.

ஜூன் 11

இன்று அவனே பேச்சை எடுத்தான். உட்கார்ந்துகொண்டு, மருந்து அட்டையின் பின்புறத்தில், கியோவுக்காக இரு படைகளும் மோதும் ஷுகாய் சமவெளியைப் போட்டு, கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினான். கை நடுக்கத்தில் கோடுகள் நெளிந்திருந்தாலும் படைகள் சரியான இடத்தில் இருந்தன. ச்சின் பக்கம் நடுவில் ஓசென். இடது அணியில் மாகோ, அவரோடு மோதென். வலது அணியில் அகோ, ஓஹோன், பிறகு அங்கே அனுப்பப்பட்ட கதாநாயகன் ஷின். எதிரே ஜாவ் படையின் தலைவர் ரிபோகு, வட்டத்துக்குள் ஒரு புள்ளியாக.

அவன் கேள்வி இது: ரிபோகு தன் நடுப்படையை விட்டு நழுவிப்போய் மாகோவைக் கொல்கிறார். தலைமைத் தளபதி இல்லாத அந்த நேரத்தில் ஓசென் நேராக நடுவில் பாய்ந்திருக்கலாமே? ஏன் அசையாமல் நின்றார்? "கதாசிரியருக்கு இன்னும் நாட்கள் தேவைப்பட்டன, அதனால் நிற்கவைத்தார்," என்கிறான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிபோகு இல்லை என்பது செய்தியாக ஓசெனுக்கு வந்து சேரும்போது ரிபோகு திரும்பியிருப்பார். அந்தப் போர்க்களத்தில் யாருக்கும் மேலிருந்து பார்க்கும் கண் கிடையாது. வாசகர்களாகிய நமக்கு மட்டுமே அது உண்டு, அதனால்தான் எல்லாத் தளபதிகளும் நமக்கு மெதுவாகத் தெரிகிறார்கள். இதைச் சொன்னபோது சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மாகோவின் இடத்திலிருந்து ஓசென் இருக்கும் இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதன் மேல் குதிரை போட்டான்.

ஜூன் 12, வியாழன்

அத்தியாயம் வந்துவிட்டது. அவன் நாள் முழுவதும் தூக்கம். அவன் விழிக்கும்வரை நானும் திறக்கமாட்டேன்.

ஜூன் 14

காய்ச்சல். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நேரமாகும் என்கிறார்கள்.

தூக்கம் வரவில்லை. கி.மு. 225 மண்டைக்குள் சுற்றுகிறது. சூ நாட்டைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று ச்சின் அரசர் கேட்கிறார். லி சின், அதாவது நம் ஷின், இரண்டு லட்சம் போதும் என்கிறான். வாங் ஜியன், நம் ஓசென், ஆறு லட்சம் இல்லாமல் முடியாது என்கிறார். கிழவருக்குப் பயம் வந்துவிட்டது என்று சொல்லி அரசர் இளையவனை அனுப்புகிறார். முதலில் வெற்றி. பிறகு சூ படை மூன்று பகல் மூன்று இரவு கூடாரம் போடாமல் பின்தொடர்ந்து வந்து அடிக்கிறது. இரண்டு முகாம்கள் போயின. ஏழு படைத்தலைவர்கள் இறந்தார்கள்.

எழுபது தொகுதிகளைத் தாண்டியும் கதை இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. படிக்கும் எல்லோருக்கும் தெரியும், அது காத்திருக்கிறது. அந்த ஏழு பேர் யார்? ஷினின் 'ஹி ஷின்' படையில் பெயரும் முகமும் உள்ள ஒவ்வொருவனையும் நான் அந்த ஏழில் ஒருவனாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு போரிலும் யாராவது தப்பிவரும்போது சந்தோஷத்தோடு கூடவே, இவனை அதற்காகத்தான் விட்டுவைத்திருக்கிறாரோ என்றும் தோன்றுகிறது. வேகமாகப் போ என்று எப்படிச் சொல்வேன்? மெதுவாகவே போகட்டும்.

ஜூன் 15

102.

ஜூன் 16

102. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

ஜூன் 18

காய்ச்சல் இறங்கியது. பேச மாட்டான், கேட்பான். அதனால் இன்று நான் மட்டும் பேசினேன்.

தோல்விக்குப் பிறகு அரசரே வாங் ஜியனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட கதையைச் சொன்னேன். ஆறு லட்சம் பேரோடு கிளம்பியவர், வழியெல்லாம் ஆள் அனுப்பி நல்ல நிலம் வேண்டும், வீடு வேண்டும் என்று அரசரை நச்சரித்தார். ஆசையால் அல்ல. நாட்டின் படை முழுவதும் ஒருவன் கையில் இருக்கும்போது, இவன் பேரனுக்குச் சொத்துச் சேர்க்கும் சாதாரண ஆள்தான் என்று அரசர் நம்ப வேண்டும். சூ எல்லைக்குப் போனதும் அரண் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரி எவ்வளவு சீண்டியும் வெளியே வரவில்லை. வீரர்களைக் குளிக்கச் சொன்னார், நன்றாகச் சாப்பாடு போட்டார், அவர்களோடு சேர்ந்து உண்டார். நாட்கள் போயின. பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டார். கல்லெறிந்து விளையாடுகிறார்கள், தாண்டிக் குதிக்கிறார்கள் என்றார்கள். இனி இவர்களைப் போருக்கு அனுப்பலாம் என்றார்.

இதை ஹரா எப்படி வரைவார் என்று நினைத்துப் பார்த்தேன். ஆறு லட்சம் பேர் கல்லெறிந்து விளையாடும் இரட்டைப் பக்கம். ஒரு தொகுதி முழுக்க அதுவாகவே இருந்தாலும் நான் படிப்பேன். தம்பி கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்தினான். ஒரு தொகுதிக்கு மேல் கூடாது என்று அர்த்தம்.

ஜூன் 20

கியோ போரின் முடிவில், ஜாவ் பக்கத்து மாவீரன் ஹோகெனை வீழ்த்திய பின் ஷின் உயிர் பிரிந்து விழுவதும், அவன் படையின் கியோகாய் தன் ஆயுளைக் கொடுத்து அவனை மீட்பதும் ஏமாற்று வேலை என்கிறான். இத்தனை தொகுதிகளாகத் தானியத்தை எண்ணிக் கணக்குப் பார்த்து நடந்த போரின் முடிவில் இப்படி ஒரு கணக்கில்லாத காரியமா என்று அவனுக்குக் கோபம்.

போர்த்தந்திரம் என்று பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் அந்த அத்தியாயம் எனக்கு வேண்டும். இன்று அதைத்தான் திரும்பப் படித்தேன், மதியம் முழுவதும்.

ஜூன் 21

400!

ஜூன் 22

இட்லி இரண்டு. சட்னி கேட்டான், கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

ஜூன் 24

இன்று குரல் பழையபடி இருக்கிறது. அதனால் சண்டையும் பழையபடி.

சூ நாட்டில் தோற்பதற்குக் காரணம் ஷோஹெய்குன் பக்கம் மாறுவதாகத்தான் இருக்கும் என்று அவன் அடித்துச் சொல்கிறான். அதற்கு இடமிருக்கிறது. ச்சின் அரசவையில் இருந்த அதே மனிதர் பிறகு சூவின் அரசராக நிறுத்தப்பட்டார் என்பது ஏட்டில் இருக்கிறது. வென்றுகொண்டிருந்த லி சின் திடீரென்று படையை மேற்கே திருப்பினான் என்பதும் இருக்கிறது. முதுகில் குத்து விழுந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் பலர். "அப்படியானால் ஷின் மேல் தவறில்லை அக்கா," என்கிறான்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. துரோகம் வரட்டும், ஆனால் தோல்வி ஷினுடையதாகவே இருக்க வேண்டும். இரண்டு லட்சம் போதும் என்று சொன்னது அவன் வாய். இறக்கும் மாபெரும் தளபதி ஓகியின் ஆயுதத்தைக் கையில் வாங்கியவன், அந்த வாக்கின் பாரத்தையும் அவனே தூக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பிறகு நடப்பதற்கு மதிப்பே கிடையாது. தோற்றதற்காக அவனைக் கொல்லவில்லையே! ஏழு படைத்தலைவர்களை இழந்து ஓடிவந்தவன் மறுபடியும் குதிரை ஏறினான். ஓஹோனோடு யென் நாட்டை அடக்கப் போனவர்களில் அவன் இருக்கிறான். கி.மு. 221இல் கடைசி நாடான ட்சீ விழுந்து எல்லாம் முடியும்போதும் இருக்கிறான். ஹரா அதுவரை வரைந்தே ஆக வேண்டும், எத்தனை தொகுதிகள் ஆனாலும் சரி.

"அதற்குள் எனக்கு என்ன வயதாகும் தெரியுமா?" என்றான்.

ஆகட்டும் என்றேன். பதிலுக்கு அவன் ரிபோகுவை இழுத்தான். ஒரு போரிலும் சாகாமல், சொந்த அரசனின் ஆணையால் சாகப்போகிற மனிதரை இவ்வளவு பெரிய போர்வீரராக வளர்த்தது கதைக்கு நல்லதா கெட்டதா என்று. பிந்தைய ஹிகா போரில் ச்சின் தளபதி கன்கியைச் சுற்றி வளைக்க அவ்வளவு பெரிய படையை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்ற கேள்விக்கே நாங்கள் இன்னும் முடிவு காணவில்லை. நாளைக்கு மலைகளோடு வரைபடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 25

வரைபடம் கிடைத்தது. பென்சிலை உள்ளே அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன்.