"எல்லாம் எரிந்துவிட்டது" என்றால் நம்பிவிடாதீர்கள்: ஓர் அப்பலாச்சியக் குடும்பத்தின் கொடிவழியைத் தேடிய அனுபவம்

என் மருமகளின் தகப்பன்வழிக் குடும்பம் 1770களில், அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைப்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்தின் கிளிஞ்ச் ஆற்றங்கரையில் குடியேறி, 1800ஐ ஒட்டி மலையைத் தாண்டிக் கிழக்குக் கென்டக்கிக்குப் போனது. வாரிசுகள் இன்றும் அங்கேயே வாழ்வதால் குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. 1850 முதல் இந்தப் பக்கம் சென்சஸிலேயே தெளிவாகக் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால்தான் பாடு. 1840 வரை சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வர்ஜீனியா, கென்டக்கி இரண்டுக்குமே 1790, 1800 சென்சஸ் ஏடுகள் இப்போது இல்லை. ஆக, நமக்குத் தேவையான அந்த இருபது ஆண்டுகளும் இருட்டு.

இந்த நிலையில் ஒரு கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்துக்குப் போனால், கவுண்ட்டரில் இருந்தவர் என்ன ஆண்டு, என்ன ஆவணம் என்றுகூடக் கேட்காமல், "பழையதெல்லாம் தீயில் போய்விட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு விசாரித்ததில், தீயில் போனவை உதிரித் தாள்கள்தான் என்று தெரிந்தது. பத்திரப் புத்தகங்கள் அதே கட்டடத்தில் அடுத்த அறையில் வரிசையாக இருந்தன. இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய தேடலை அந்த வாசலிலேயே முடித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

அதனால் முதல் எச்சரிக்கை இதுதான். "எரிந்தது" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டுத் தீ, எந்தப் புத்தகங்கள் போயின, மிஞ்சியதன் பட்டியல் எங்கே? கிளம்புவதற்கு முன்பே ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தின் கேட்டலாக்கில் அந்தக் கவுண்டியைத் திறந்து, எந்தப் புத்தகங்கள் மைக்ரோஃபிலிம் ஆகியிருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். படமெடுக்கப்பட்ட புத்தகத்தை "இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலோடு திரும்பப் போனபோது அதே கவுண்ட்டரில் கதவு திறந்தது.

உண்மையிலேயே எரிந்த கவுண்டிகளும் உண்டு. கென்டக்கியின் ஃபிளாய்டு கவுண்டி நீதிமன்றம் 1808ல் எரிந்ததில் அதன் ஆரம்பகாலப் பதிவுகள் போயின. வர்ஜீனியாவின் புக்கானன் கவுண்டிக்கு 1885ல் அதே கதி. ஆனால் கவுண்டியில் எழுதப்பட்ட பலவற்றுக்கு இன்னொரு படி மாநிலத் தலைநகருக்குப் போயிருக்கிறது. அந்தப் படியைத் தேடுவதுதான் முழு வேலையும்.

அதில் முதன்மையானது வரிப் பட்டியல். வர்ஜீனியாவில் தனிச்சொத்து வரிப் பட்டியல் (ஆண்களின் எண்ணிக்கையையும் நிலமல்லாத உடைமைகளையும் கணக்கெடுப்பது) 1782ல் தொடங்குகிறது. படிகள் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. கென்டக்கிப் பட்டியல்களின் படி அதன் தலைநகர் பிராங்ஃபர்ட்டுக்குப் போனது. 1808க்கு வர்ஜீனியாவில் தனிச்சொத்து வரியே வசூலிக்கப்படவில்லை. அந்த ஆண்டு பெயர் காணோமே என்று ஆள் இறந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பட்டியலை ஓர் ஆண்டு மட்டும் எடுத்துப் பார்த்தால் பயன் மிகக் குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரே அட்டவணையில் வரிசையாக எழுதுங்கள். தகப்பன் வரியில் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எண்ணிக்கை ஒன்று கூடினால் ஒரு மகனுக்கு 16 ஆகியிருக்கிறது. சில ஆண்டு கழித்து அந்த எண்ணிக்கை ஒன்று குறைந்து, அதே ஆண்டில் அதே குடும்பப் பெயரில் ஒரு புது ஆள் தனியாக வந்தால், அவர் 21 நிரம்பிய அந்த மகனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தகப்பன் பெயர் மறைந்து அந்த இடத்தில் ஒரு பெண் பெயர் வந்தால், பெரும்பாலும் அவர் கைம்பெண். இப்படித்தான் நான்கு மகன்களின் பிறந்த ஆண்டை ஒன்றிரண்டு ஆண்டு வித்தியாசத்துக்குள் கொண்டுவர முடிந்தது. அவர்களுடைய பிறப்புப் பதிவு எங்குமே கிடையாது.

பட்டியலை அச்சிட்ட புத்தகத்தில் பார்க்காதீர்கள். அச்சில் அகரவரிசைக்கு மாற்றிவிடுவதால் முக்கியமான ஒன்று காணாமல் போகிறது. மூலப் பட்டியல்கள் பலவற்றில் வரி அதிகாரி எந்தத் தேதியில் வந்து எழுதினார் என்று இருக்கும். ஒரே நாளில் எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஓடைக்கரைக்காரர்கள். கென்டக்கிப் பட்டியல்களில் இன்னும் ஒரு கொடை உண்டு: நிலம் எந்த நீரோடையில் இருக்கிறது, முதலில் யார் பெயரில் பதிவானது, யார் பெயரில் சர்வே ஆனது, யார் பெயரில் கிராண்ட் (அரசுப் பட்டா) வந்தது என்று தனித்தனிக் கட்டங்கள். பத்திரம் எரிந்துபோன நிலத்துக்கு இந்தக் கட்டங்களே பூர்வீகம் சொல்லும்.

அங்கிருந்து நில ஆவணங்களுக்கு வரலாம். அரசிடம் நிலம் பெற வாரண்ட் (இவ்வளவு நிலம் பெறலாம் என்ற அனுமதிச் சீட்டு), என்ட்ரி (இடத்தைக் குறித்துப் பதிவது), சர்வே (அளந்து எல்லை குறிப்பது), கிராண்ட் என்று நான்கு படிநிலை. பலர் கடைசியில் வரும் கிராண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு, ஏனென்றால் வாரண்ட் கைமாறி விற்கப்படும். கிராண்ட் வாங்கியவர் அந்த மண்ணை மிதிக்காதவராகவும் இருக்கலாம். சர்வேத் தாளில்தான் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தவர்கள், எல்லை மரத்தில் குறி வெட்டியவர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். அந்தக் காட்டில் இந்த வேலைக்கு வருபவர்கள் மகன், மருமகன், மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரர். மனைவியின் பிறந்தகத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு சங்கிலிக்காரர் பெயர்தான். கென்டக்கி நில அலுவலகம் பல தொடர்களின் தாள்களைப் படமாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது; இந்தக் கட்டம் வீட்டிலிருந்தே முடிந்தது.

1779ஆம் ஆண்டு வர்ஜீனிய நிலச் சட்டப்படி, 1778 ஜனவரி 1க்கு முன் குடியேறியவருக்கு 400 ஏக்கர், அதை ஒட்டி 1,000 ஏக்கர் வரை வாங்க முன்னுரிமை. வாஷிங்டன், மான்ட்கோமரி கவுண்டிகளுக்கான ஆணையர்கள் 1781ல் உட்கார்ந்து இதற்கான சான்றுகளைக் கொடுத்தார்கள். அந்தச் சான்றில் எந்த ஆண்டு உண்மையில் குடியேறினார் என்று ஒரு வரி இருக்கும். குடும்பத்தில் "1769லேயே வந்துவிட்டோம்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். சான்றில் அதற்குச் சில ஆண்டு பிந்திய தேதி. சான்றுதான் நிற்கும்.

எல்லைகளை வரைபடமாக வரையாமல் விடாதீர்கள். பழைய நீள அளவின் பெயர் "போல்" (pole). ஒரு போல் 16.5 அடி, நான்கு போல் ஒரு சங்கிலி, 160 சதுர போல் ஓர் ஏக்கர். திசைகள் அன்றைய காந்த ஊசிப்படி எழுதப்பட்டவை. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்றைய வரைபடத்தில் வைக்கும்போது சில பாகை திருப்ப வேண்டிவரும். வரைந்து முடித்தபின் தொடங்கிய மரத்துக்கே கோடு திரும்பி வராவிட்டால், பெரும்பாலும் குமாஸ்தா புத்தகத்தில் நகல் எடுக்கும்போது ஒரு வரியை விட்டிருப்பார், அல்லது வடக்குக்குத் தெற்கு என்று எழுதியிருப்பார். தலைநகரில் உள்ள மூல சர்வேயோடு ஒப்பிட்டால் பிழை பிடிபடும். பக்கத்து நிலங்களையும் வரைந்து ஒட்டினால்தான் ஒரே பெயரில் உலவும் இரண்டு பேரைப் பிரிக்க முடியும். சீனியர், ஜூனியர் என்று போட்டிருப்பதை வைத்துத் தகப்பன், மகன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே வட்டாரத்தில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஓடையின் பெயரும், நிலம் விற்கும்போது தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் மனைவியின் பெயரும்தான் ஆளைப் பிரிக்கும்.

வீண் பயணம் வைக்கும் இடம் ஒன்று உண்டு. குடும்பம் கிளிஞ்ச் கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், அவர்கள் தலைக்கு மேல் கவுண்டி மாறிக்கொண்டே இருந்தது. அகஸ்டாவிலிருந்து 1770ல் பாட்டெடாட், 1772ல் ஃபின்காஸ்டில், 1776 இறுதியில் வாஷிங்டன், 1786ல் ரஸ்ஸல். ஆவணங்கள் ஸ்டான்டன், ஃபின்காஸ்டில் ஊர், கிறிஸ்டியன்ஸ்பர்க், அபிங்டன், லெபனான் என்று ஐந்து ஊரில் கிடக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது: ஃபின்காஸ்டில் என்ற ஊரில் இருப்பவை பாட்டெடாட் கவுண்டியின் ஆவணங்கள். 1776ல் ஒழிக்கப்பட்ட ஃபின்காஸ்டில் கவுண்டியின் ஆவணங்கள் மான்ட்கோமரி கவுண்டியின் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் உள்ளன. பெயரை நம்பி வண்டி எடுப்பவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

புரட்சிப்போர் (அமெரிக்க விடுதலைப் போர்) வீரர்களின் ஓய்வூதியக் கோப்பில்தான் பெரிய வெற்றி கிடைத்தது. 1832 ஜூன் 7 சட்டப்படி விண்ணப்பித்தவரிடம் நீதிமன்றத்தில் கட்டாயமாகக் கேட்ட கேள்விகள் உண்டு: எங்கே, எந்த ஆண்டில் பிறந்தீர், போருக்கு அழைக்கப்பட்டபோது எங்கே இருந்தீர், அதன்பின் எங்கெங்கே வாழ்ந்தீர். இதைவிட ஒரு வம்சாவளி ஆய்வாளருக்கு என்ன வேண்டும்! 1836, 1838 சட்டங்களின்படி கைம்பெண்கள் விண்ணப்பித்தபோது திருமணத் தேதியை நிரூபிக்க வேண்டியிருந்ததால், பைபிளில் குடும்பப் பதிவு எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். எரிந்துபோன கவுண்டியின் திருமணத்துக்கு இது நேரான மாற்று. கோப்பு எண்ணுக்கு முன் எஸ் என்றால் பிழைத்திருந்த வீரர், டபிள்யூ என்றால் கைம்பெண், ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட கோப்பைத் தள்ளிவிடாதீர்கள். வாக்குமூலம் அதிலும் முழுசாக இருக்கும். ஒருவர் எங்களுக்கு அனுப்பிய நகல் பத்துப் பக்கத்தோடு நின்றிருந்தது. அது எம்805 என்ற சுருக்கத் தொகுப்பிலிருந்து எடுத்தது. பத்துப் பக்கத்துக்கு மேற்பட்ட கோப்புகளில் தேர்ந்தெடுத்த தாள்கள் மட்டுமே அதில் இருக்கும். எம்804 தொகுப்பில் முழுக் கோப்பும் கிடைத்தது. பைபிள் பக்கம் அதில்தான் இருந்தது.

உயில் இல்லாமல் இறந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 1787 ஜனவரி 1க்கு முன் வர்ஜீனியாவில் உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கே. ஆகவே வாங்கிய பத்திரமே இல்லாமல் ஒருவர் நிலத்தை விற்றால், அவர் மூத்த மகனா என்று பாருங்கள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. பங்கு வந்தால் தகராறும் வரும், தகராறு வந்தால் சான்சரி (சொத்துப் பங்கு போன்ற தகராறுகளை நியாய அடிப்படையில் தீர்க்கும் நீதிமன்றம்) வழக்கும் வரும். பாகப்பிரிவினை வழக்கில் எந்த மகள் யாரைக் கட்டினாள், யார் மிசௌரிக்குப் போனார், இறந்த மகனின் பிள்ளைகள் யார் யார் என்று எல்லாமே சத்தியம் செய்து எழுதப்பட்டிருக்கும். வர்ஜீனியா நூலகத்தின் சான்சரி அட்டவணையை இணையத்தில் தேடலாம். வாதி, பிரதிவாதி பெயரோடு நிறுத்தாமல் எல்லாக் குடும்பப் பெயர் கட்டத்திலும் தேடுங்கள்.

பத்திர அட்டவணையில் பல வாரிசுகள் சேர்ந்து விற்றால் முதல் ஆளின் பெயர் மட்டுமே ஏறியிருக்கும். தபாலில் கேட்டதற்கு ஓர் அலுவலகம் "கிடைக்கவில்லை" என்று பதில் எழுதியதும் அட்டவணையை அரைகுறையாகப் பார்த்ததால்தான்: வாங்கியவர் அட்டவணையை மட்டும், ஒரே எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறார்கள். கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிலக்கரிக்காரர்கள் எழுதி வாங்கிய கனிம உரிமைப் பத்திரங்களிலும் முதல் பெயர் மட்டும் ஏறும் இதே சிக்கல். அந்தப் பத்திரங்கள் மலைக்குடும்பங்களுக்குச் செய்த கொடுமை தனிக் கதை. மேல்மண்ணைத் தோண்டி எறியும் உரிமையைக் கட்டுப்படுத்த 1988ல் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டிவந்தது. ஆனால் அதே பத்திரத்தில் எல்லா வாரிசுகளும் கணவன், மனைவியோடு கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார்கள். அதைக் கம்பெனியின் பெயரில் தேடுங்கள்.

ஃபேமிலிசர்ச்சின் முழு உரைத் தேடல் அட்டவணையில் ஏறாத சாட்சிகளையும் ஜாமீன்தாரர்களையும் எடுத்துக்கொடுக்கிறது. பழைய நீண்ட எஸ் எழுத்தை இயந்திரம் எஃப் என்று படித்துவிடும். ஜெஸ்ஸி கிடைக்காவிட்டால் அந்த எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடுங்கள். வீட்டிலிருந்து பூட்டிய படம் என்று வந்தால் அவர்களுடைய மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ திறக்கும்.

"பாட்டி செரோக்கி (அமெரிக்கப் பூர்வகுடி இனம்)" என்ற கதை இந்தக் குடும்பத்திலும் இருந்தது. செரோக்கிகளுக்கான இழப்பீட்டுத் தொகையில் பங்கு பெறத் தகுதியானவர்களைக் கண்டறிய 1906ல் தொடங்கிய கியன் மில்லர் பட்டியலுக்கு 45,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. குடும்பத்தின் ஒரு கிளையும் போட்டிருந்தது, நிராகரிக்கப்பட்டது. கதைக்கு அது ஆதாரமாகவில்லை. ஆனால் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை பெயர்கள் எல்லாம் அந்தத் தாளில் கிடைத்தன.

இன்னொன்றைக் குடும்பத்தார் கேட்க விரும்பவில்லை, ஆனாலும் எழுதியே கொடுத்தோம். ஒரு சொத்து மதிப்பீட்டுத் தாளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்கள் விலையோடு இருந்தன. 1850, 1860 சென்சஸின் அடிமை அட்டவணைகளில் அவர்களுடைய வயது, பாலினம், நிறம் போன்றவைதான், பெரும்பாலும் பெயர் இல்லை. அவர்களுடைய வாரிசுகள் 1870 சென்சஸுக்கு முன்னால் போக இப்படிப்பட்ட தாள்தான் வழி. இது கண்ணில் பட்டால் ஒதுக்கிவைக்காமல் பெயர்களைத் தனியாக எழுதி, கவுண்டி, புத்தகம், பக்க எண்ணோடு உள்ளூர் நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

கல்லறைகளுக்குக் குளிர்காலத்தில் போங்கள். இலை உதிர்ந்திருக்கும், பாம்பும் இராது. வேட்டைப் பருவமானால் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். வர்ஜீனியாவில் தனியார் நிலத்துக்குள் உள்ள கல்லறையை வம்சாவளி ஆய்வுக்காகப் பார்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் நிலத்துக்காரருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். எழுத்து மங்கிய கல்லில் சாக்பீஸோ சவர நுரையோ தடவாதீர்கள், கல் அரிக்கும். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். 1815ல் இறந்தவருக்குப் பளபளக்கும் கிரானைட் கல் நின்றால் அது பிற்காலத்தில் யாரோ வைத்தது. அதில் உள்ள தேதியை வைத்தவரின் ஆதாரம் கிடைக்கும்வரை கொடிவழியில் ஏற்றாதீர்கள்.