மசாய் மாராவுக்குக் கிளம்பும் முன்

"ஆப்பிரிக்காவுக்குப் போறோம், அங்கே ஸ்வெட்டர் எதுக்குடி?" என்று கேட்டு, நான் மடித்து வைத்த ஸ்வெட்டரை அம்மா பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். நான் மறுபடி உள்ளே வைத்தேன். நான்கு நாள் கழித்து, கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், காலை ஆறரை மணிக்கு, கூரை திறந்த லாண்ட் குரூசரில் அந்த ஸ்வெட்டருக்கு மேல் என் சால்வையையும் போர்த்திக்கொண்டுதான் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பூமத்திய ரேகைப் பக்கம் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாராவும் 1,500 மீட்டருக்குக் குறையாது. நாங்கள் போன ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். விடியற்காலையில் ஓடும் வண்டியில் முகத்தில் அடிக்கும் காற்றுக்குக் கொடைக்கானலுக்கு எடுத்துப்போவது எல்லாமே தேவைப்படும்: குல்லா, சாக்ஸ், காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட். பத்து மணிக்கு அத்தனையையும் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டையோடு தொப்பியைத் தேட வேண்டியிருக்கும். அதனால் ஒரே தடிமனான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய மெல்லிய துணிகள் நல்லது.

திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் மாற்றி மாற்றி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஊசி. கென்யா போய்விட்டு இந்தியாவுக்குள் நுழையும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நேரலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருங்கள். அம்மாவுக்கு வயது 62. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதால், முதலில் எங்கள் குடும்ப மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் போனோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். மாரா பகுதியில் மலேரியா உண்டு, அதற்கான மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கென்யாவுக்கு இப்போது விசா தேவையில்லை. அதற்குப் பதிலாக 2024 முதல் இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பயண அனுமதி வாங்க வேண்டும்.

சரி, பணம். எந்தச் சுற்றுலா நிறுவனத்திடம் பேசினாலும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வண்டி என்ன வண்டி, அதில் எத்தனை பேர்? தங்குமிடம் காப்பகத்துக்குள்ளா, வெளியே என்றால் வாசலிலிருந்து எவ்வளவு நேரம்? நுழைவுக் கட்டணம் சேர்த்தியா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாராவில் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர். நாங்கள் முதலில் பேசிய நிறுவனம் தொகையை மிகக் குறைவாகச் சொன்னது. கிளறிக் கேட்டபோதுதான் கட்டணம் தனி என்பதும், ஒரு வேனில் ஏழு பேர் என்பதும் தெரிந்தது. கட்டியிருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. சேமித்துச் சேமித்து வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்களிடம் இப்படி மறைக்கலாமா?

வண்டியைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், விடுதியைவிட அதில்தான் அதிக நேரம் இருப்போம். ஒரு நாளில் எட்டு மணி நேரம்கூட ஆகும். எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை வேண்டும். லாண்ட் குரூசரின் படி உயரமானது, மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்குவது சிரமம். அம்மாவுக்காகச் சின்ன ஸ்டூல் ஒன்று வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன், மறக்காமல் வைத்திருந்தார்கள். மண் பாதையின் குலுக்கலுக்கு அங்கே 'ஆப்பிரிக்க மசாஜ்' என்று பெயர். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை கொண்டுபோனது பெரிய உதவி.

போகும்போது நைவாஷா ஏரியில் ஒரு இரவு தங்கிவிட்டுச் சாலை வழியாகவே போனோம். திரும்பும்போது மாராவிலிருந்து நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்குச் சிறிய விமானத்தில் வந்தோம். அதில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் வயிற்றுக்குள் நுழையாது. துணி குறைவாகப் போதும், விடுதிகளில் துவைத்துக் கொடுக்கிறார்கள். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நிறங்கள் ஏற்றவை. வெள்ளை அரை மணியில் செம்மண் நிறமாகிவிடும். கருநீலமும் கறுப்பும் செட்ஸி ஈக்களை இழுக்கும், அது துணிக்கு மேலேயே கடிக்கும். ராணுவ உடை போன்ற புள்ளித் துணி வேண்டவே வேண்டாம், ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அதை அணிவது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பைகளுக்கும் கென்யாவில் 2017 முதல் தடை, வீட்டிலேயே எடுத்துவிட்டுத் துணிப் பையில் அடுக்குங்கள். மின்செருகி நம்முடையது போல் உருண்டை முள் அல்ல, சதுர முள் மூன்று. அடாப்டர் இல்லாமல் போகாதீர்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தூரத்து மரக்கிளையில் சிறுத்தையின் வால் தொங்குகிறது என்று ஓட்டுநர் சொல்லும்போது, ஒன்றை இருவர் கைமாற்றிக்கொண்டிருந்தால் ஒருவருக்கு வெறும் கிளைதான் மிஞ்சும். பெரிய லென்ஸ் உள்ளவர்கள் காலியான ஒரு சின்னத் துணிப் பையைக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கை ஆடாது.

கழிவறை பற்றி யாரும் எழுதுவதில்லை, பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். காட்டுக்குள் கழிவறை அபூர்வம். ஓட்டுநரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திறந்த வெளியாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் கவனித்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போகச் சொல்வார். தளர்வான நீளப் பாவாடை அதற்கு வசதி. காகிதத்தை அங்கே போடாமல் ஒரு பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த அம்மாவுக்கு முதல் நாள் மாலை தலைவலி வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ரயில் பாதை போட 1890களில் இங்கிருந்து ஆட்களைக் கொண்டுபோன நாடு அது. சப்பாத்திக்கும் டீக்கும் அங்கே சுவாஹிலி மொழியிலேயே 'சப்பாத்தி', 'சாய்' என்றுதான் பெயர். நாங்கள் சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். 'சுகுமா விக்கி' என்ற கீரைப் பொரியலை அம்மா மூன்று நாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கொண்டுபோன முறுக்கை மட்டும் கூடாரத்தில் வைக்க விடவில்லை. குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடுமாம்.

எங்கள் ஓட்டுநர் அம்மாவை "மாமா, மாமா" என்றே கூப்பிட்டார். அங்கே அது தாயைக் குறிக்கும் மரியாதைச் சொல். முதலில் திடுக்கிட்ட அம்மா, மாலைக்குள் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். இரண்டாம் நாள் அவர் எங்களை ஒரு சிவிங்கிப் புலியிடம் (சீட்டா) கூட்டிப்போனார். கரையான் புற்றின் மேல் தாய், கீழே புல்லில் மூன்று குட்டிகள். அப்போது ரேடியோவில் தகவல் வந்தது, எங்கோ சிங்கக் கூட்டம் எருமையை அடித்துவிட்டதாம். சுற்றியிருந்த வண்டிகள் கிளம்பின. போகலாமா என்று எங்களையும் கேட்டார். அம்மா தமிழிலேயே சொன்னாள்: "வேண்டாம்பா, இங்கேயே இருப்போம்." அவருக்குப் புரிந்தது, இன்ஜினை அணைத்தார்.

ஒன்றரை மணி நேரம் இருந்தோம். வேட்டை எதுவும் நடக்கவில்லை. தாய் எழுந்து தூரத்து மான்களைப் பார்த்தது, மறுபடி உட்கார்ந்தது. பிறகு புற்றிலிருந்து இறங்கி, குருவி கத்துவது போல ஒரு கீச்சுக் குரலில் குட்டிகளைக் கூப்பிட்டது. அவ்வளவு பெரிய மிருகத்திடமிருந்து அப்படியொரு குரல். குட்டிகள் புல்லைப் பிளந்துகொண்டு ஓடிவந்தன. அம்மா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

'பிக் ஃபைவ்' என்று ஐந்து மிருகங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரை விரட்டுகிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். நடந்து போய் வேட்டையாட மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு அது. அதில் சிவிங்கி கிடையாது, ஒட்டகச்சிவிங்கி கிடையாது, கழுதைப்புலியும் கிடையாது. முதல் நாளே ஓட்டுநரிடம் "எங்களுக்கு அவசரமில்லை, ஓரிடத்தில் நின்று பார்க்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். சிவிங்கி பகலில் வேட்டையாடும் பிராணி. வண்டிகள் சுற்றி வளைத்தால் அன்றைக்குக் குட்டிகளுக்கு உணவில்லை. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று மாராவில் விதியே இருக்கிறது. உங்கள் வண்டி ஆறாவதாக இருந்தால் தள்ளி நிற்கும்படி நீங்களே சொல்லலாம். பயணி சொன்னால்தான் ஓட்டுநருக்கும் தைரியம் வரும்.

வண்டிக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 டாலர் வரை ஓட்டுநருக்கு அன்பளிப்பு தருவது வழக்கம். அதைத் தனி உறையில் போட்டு வைத்திருங்கள். டாலர் நோட்டுகள் 2009க்குப் பிறகு அச்சிட்டவையாக இருக்கட்டும், பழையதை வாங்கத் தயங்குகிறார்கள்.

எங்கள் முகாமுக்கு வேலி இல்லை. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் கூடாரத்தைவிட்டு ஓரடி வைக்கக்கூடாது. டார்ச்சும் ஈட்டியுமாக மசாய் பழங்குடி இளைஞர் ஒருவர் வந்து கூட்டிப்போவார். படுக்கையில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள், தெரியாமல் காலை நீட்டினால் ஏதோ உயிர்ப்பிராணி என்று தோன்றும். ஆற்றில் நீர்யானைகள் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும்.

சுவாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. அதைக் கேட்டதும் அம்மா, "நம்ம நாழிகைக் கணக்கு மாதிரிதான்" என்றாள். கடைசி நாள் 'பதினொரு மணிக்கு' எழுப்புவதாகக் காவலர் சொல்லியிருந்தார், அதாவது விடியற்காலை ஐந்து. அவர் குரல் கொடுக்கும் முன்பே நான் கண்விழித்துப் பார்த்தேன். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அம்மா கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.