கே.வி.குப்பம் சந்தையும் கூரையில்லாத ஒரு பட்டியும்

வேலூர்ப் பக்கம் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கோட்டைக்கும் ஸ்ரீபுரத்துக்கும் போவார்கள், திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி சாப்பிடுவார்கள். நான் இந்த முறை போனது ஆட்டுச்சந்தைக்கு. காட்பாடியில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சந்தையைப் பாரு, அப்படியே குடியாத்தம் தாண்டி மலையோரம் போய் வரலாம். சிறுத்தை வந்து ஆட்டைப் பிடிக்கிற விஷயத்தை பேப்பர்ல படிச்சிட்டு எழுதாதே, ஆடு வச்சிருக்கறவங்ககிட்ட கேளு" என்றார்.

கே.வி.குப்பத்தில் திங்கட்கிழமை சந்தை. லத்தேரி வழியாக பைக்கில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெளிச்சம்கூட வரவில்லை, அதற்குள் பாதி பேரம் முடிந்திருந்தது. வாங்க வந்தவர் ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்க்கிறார், உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறார், அப்புறம் இடுப்போடு தூக்கி எடையை மனசில் போட்டுக்கொள்கிறார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நான் மாட்டுச்சந்தையில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாம் வாய்ப்பேச்சுதான், அதுவும் சத்தமாக.

டீக்கடையில் நின்ற ஒரு வியாபாரி சொன்னது காதில் நின்றுவிட்டது. "மலையோரத்து ஆளுங்க இப்பல்லாம் கிடாவை வளரவே வுடறதில்லைங்க. குட்டியாவே தள்ளிடறாங்க. பக்ரீத் வரைக்கும் வச்சிருந்தா ரெண்டு பங்கு விலை கிடைக்கும். ராவுல எவன் காவல் இருக்கறது?" சிறுத்தை தின்றது எத்தனை என்று கணக்கெடுக்கலாம். பயத்தில் முன்கூட்டியே விற்ற ஆட்டுக்குக் கணக்கு ஏது?

குடியாத்தம் ஊருக்குள் நிற்கவில்லை. லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர், அதைத் தனியாக எழுத வேண்டும். ஊரைத் தாண்டி மோர்தானா அணைப் பக்கம் திரும்பியதும் நிலம் மாறுகிறது. வெயிலில் வெளுத்த பாறைக் குன்றுகள், இடையில் முள்காடு, நடுவில் மாந்தோப்பும் நிலக்கடலைக் கொல்லையும். குன்றுக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. 1990இல் அறிவிக்கப்பட்ட கவுண்டன்யா சரணாலயம் அங்கே சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. யானைகளுக்காகப் பேர் வாங்கிய காடு. யானைக்கே மாநில எல்லை தெரியாதபோது சிறுத்தைக்கு எப்படித் தெரியும்?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு சிறுத்தை. அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அது சரிதான், எனக்கு அதில் சண்டை இல்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பத்தை அடுத்த துருகம் கிராமத்தில் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்ற பிறகு இந்தப் பக்கம் பேச்சின் தொனியே மாறிவிட்டது என்கிறார் நண்பர். ஆளைக் கொன்றால் செய்தி, அதிகாரிகள் வருகிறார்கள், காமிரா வைக்கிறார்கள். ஆட்டைக் கொன்றால் அது அந்த வீட்டுப் பிரச்சினை.

நாங்கள் போன வீட்டம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை. மகன் பேரணாம்பட்டில் தோல் வேலைக்குப் போகிறார். வீட்டுக்குப் பின்னால் பட்டி: இடுப்பளவு உயரத்துக்குக் கல் அடுக்கி, மேலே வேலிக்காத்தான் முள்ளைப் பரப்பி, வாசலுக்கு ஒரு படல். ஒரு மூலையில் மட்டும் தென்னங்கீற்றுக் கூரை, குட்டிகளுக்காக. மற்றதெல்லாம் திறந்தவெளி.

"நாய் கத்திச்சு தம்பி. அப்புறம் கத்தலை. அதுலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வர அவருக்குத் தைரியம் வரவில்லை. விடிந்து பார்த்தால் ஐந்து ஆடு செத்துக் கிடக்கிறது, ஒன்றைக் காணோம், நாயையும் காணோம். "தின்னவும் இல்லை, வுடவும் இல்லை. எதுக்கு இப்படிக் கொல்லணும்?" அதற்கு நண்பர்தான் பதில் சொன்னார். காட்டில் ஒரு மானைப் பிடித்தால் மற்ற மான்கள் ஓடிவிடும், வேட்டை அங்கேயே முடிந்தது. அடைத்த பட்டியில் ஆடுகளுக்கு ஓட இடமில்லை. அவை சுற்றிச் சுற்றித் துள்ளிக்கொண்டிருக்கும்வரை சிறுத்தை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தம்மா கேட்டுக்கொண்டார், சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

ஓர் ஆடு மட்டும் கடிபட்டுப் பிழைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளாடு. அதைக் காலிடுக்கில் நிறுத்தி, தாடையைத் தூக்கிக் காட்டினார். தொண்டையில் குரல்வளைக்கு இரண்டு பக்கமும் மயிர் முளைக்காத இரண்டு வட்டம், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. அவ்வளவுதான் காயம். மற்ற ஆடுகள் கத்தும்போது இது வாயைத் திறக்கிறது, காற்றுதான் வருகிறது.

ஆட்டை இழந்தவருக்கு அரசு கொடுக்கும் நிவாரணத்துக்கு அந்த இரண்டு துளைதான் ஆதாரமாம். தெருநாய் கடித்தால் தொடை, அடிவயிறு, வால் பக்கமெல்லாம் கிழிந்திருக்கும். சிறுத்தை தொண்டையில் ஒரே பிடி. வெளியே ரத்தம்கூட அதிகம் தெரியாது. கழுத்துத் தோலை உரித்துப் பார்த்தால்தான் உள்ளே கன்றிப்போய் ரத்தம் கட்டியிருப்பது தெரியும். அதனால் மருத்துவர் வந்து உடற்கூறாய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும், வனத்துறை ஆள் வந்து தடத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை செத்த ஆட்டை நகர்த்தக்கூடாது.

நியாயமான விதி மாதிரிதான் தெரிகிறது. பட்டியில் நின்று யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கடிபட்டு உயிர் ஊசலாடும் ஆட்டை உடனே அறுத்துப் பங்கு போட்டால் கையில் ஏதோ காசு வரும். அதிகாரிக்காகக் காத்திருந்தால் மதியத்துக்குள் நாறிவிடும், குழி தோண்டத்தான் ஆகும். சிறுத்தை தூக்கிக்கொண்டு போன ஆட்டுக்கோ உடலே கிடையாது. "ஆறு ஆடு போச்சு, அஞ்சு ஆட்டுக்குத்தான் எழுதினாங்க" என்றார். காப்புக்காட்டுக்குள் மேயும்போது பிடித்தால் வாயே திறக்க முடியாது, அங்கே மேய்த்ததே குற்றம். இந்த இழுபறியில் வெறுத்துப்போய் மிச்ச உடலில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறவர்களும் உண்டு. அதைத் தின்ன வருவது சிறுத்தை மட்டுமா, நரியும் பருந்தும் சேர்ந்தே சாகும்.

காணாமல்போன நாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் செய்த ஆய்வில், சிறுத்தை தின்றதில் 39 சதவீதம் நாய், ஆடு 11 சதவீதம்தான். இத்தனைக்கும் அங்கே நாயைப்போல ஏழு மடங்கு ஆடுகள் இருந்தன. ஆடுகளை ராத்திரியில் அடைத்து வைக்கிறார்கள், நாய் வெளியே திரிகிறது. நம் வட ஆற்காட்டு மண்ணில் நாய்க்கு இதைவிட நல்ல மரியாதை இருந்தது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், மாடு பிடிக்க வந்த கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குப் பெயர் பொறித்து உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பட்டி நாய்க்குப் பேரே வைக்கவில்லையாம்.

ஊர்க்காரர்கள் கேட்பது கூண்டு. பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடு என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஜுன்னரில் 2001க்குப் பிறகு அப்படிப் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 என்றிருந்த மனிதர்மீதான தாக்குதல் 17 ஆகக் கூடியது. தெரியாத இடத்தில் விட்ட சிறுத்தை பழைய இடம் தேடி அலைகிறது, காலியான இடத்துக்கு இன்னொன்று வருகிறது. இதை நான் டீக்கடையில் சொன்னபோது ஒருவர், "அப்போ நாங்க இன்னாதான் செய்யறது?" என்றார். கேள்வி நியாயம்.

சிவிங்கிப்புலியை (சீட்டா) இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்கா பற்றியும் பேச்சு வந்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12. அவையும் வேலியைத் தாண்டி வயல் பக்கம் வந்து ஆட்டைப் பிடித்திருக்கின்றன. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது 1995, 1996இல். ஆனால் ஓநாய் கொல்லும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஈடு கொடுக்க டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப் என்ற அமைப்பு 1987லேயே பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஏற்பாட்டின் மேலும் அங்கே ஆயிரம் புகார் இருந்தது. இருந்தாலும் காசை முதலில் எடுத்து வைத்தார்கள் பாருங்கள்.

இங்கே எனக்குத் தோன்றுவதும் அதுதான், ஒரு படி முன்னால் போய். செத்த ஆட்டுக்கு எழுதும் காசை, சாகாமல் இருக்கப் போடலாம். சிறுத்தை இடுப்பளவு கற்சுவரை மதிப்பதில்லை. மேலே கம்பிவலை, வாசலுக்குத் தகரக் கதவு, நாயும் உள்ளே படுக்க ஓர் இடம். நண்பர் அங்கேயே பட்டியைத் தப்படியால் அளந்தார். குழாயும் வலையும் ஆள்கூலியும் சேர்த்தால் நல்ல கிடா இரண்டின் விலைக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அந்தம்மா சிரித்தார். "அந்த ரெண்டு கிடா இருந்தாத்தானே தம்பி?"

மகன் சம்பளத்தை வைத்து, பாதி வலையை மட்டும் இந்த மாதம் போடுவதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். நண்பர் கடைக்குத் தெரிந்த இடத்தில் கடனுக்கு வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.

அடுத்து ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போக எண்ணம். ஜவ்வாது மலையடிவாரத்து ஆடுகள் அங்கே வரும், அவர்கள் பட்டி எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். கே.வி.குப்பம் போகிறவர்கள் விடியலிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சாணியும் வெறும் கயிறும்தான் இருக்கும். மோர்தானா பக்கம் பைக்கில் போனால் பொழுது சாயும் முன் குடியாத்தம் திரும்பிவிடுங்கள்.