ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு புழு

ஜனவரி 4
மொட்டை மாடிக் காலிஃபிளவரில் காவடிப்புழு. முதுகை வளைத்து வளைத்து நடக்குமே, அந்தப் பச்சைப் புழு. எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு வேப்பெண்ணெய் அடித்தேன். ஒன்று மட்டும் அநியாயத்துக்குக் கொழுத்திருந்தது, அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

ஜனவரி 9
நூல் சுற்றிக்கொண்டது, சரி, கூண்டுப்புழு ஆகப்போகிறது என்று பார்த்தால் ஆகவில்லை. தோல் பழுத்து விறைத்து, அரிசி அடைத்த பை மாதிரி புடைப்புப் புடைப்பாக நிற்கிறது. "கருமம், தூக்கிப் போடு" என்கிறார் அம்மா. வேளாண்மை படித்த சித்தப்பா பையனுக்குப் படம் அனுப்பினேன்.

ஜனவரி 10
அவன் ராத்திரி கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினான். காப்பிடோசோமா என்ற குளவியின் வேலையாம். அந்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும், புழு பொரிந்து வளர வளர உள்ளே அந்த ஒரே முட்டை பிரிந்து பிரிந்து ஆயிரம், இரண்டாயிரம் கருவாகும். ஒரே முட்டையிலிருந்து இப்படிப் பல கரு வருவதை 1904இலேயே பிரான்சின் பால் மார்ஷல் விரிவாக எழுதியிருக்கிறார். ரெட்டை வாழைப்பழம் தின்றால் ரெட்டைப் பிள்ளை என்று ஆயா எங்களைத் தொடவிடாது, இந்தக் குளவி எந்தத் தாரைத் தின்றதோ.

தூக்கம் வராமல் செய்தது அடுத்து அவன் சொன்னதுதான். எல்லாக் கருவும் குளவியாவதில்லை. முட்டை பிரியும்போது இனப்பெருக்கச் செல் வந்து சேராத கருக்கள் முன்னாலேயே பொரிந்து சிப்பாய்ப் புழுக்களாகும். வேறு ஒட்டுண்ணி உள்ளே வந்தால் கடித்துக் கொல்லும், தாய் ஆண் முட்டை ஒன்றும் பெண் முட்டை ஒன்றுமாக வைத்திருந்தால் பெண் சிப்பாய்கள் சொந்த அண்ணன் தம்பிகளிலேயே பெரும்பாலானதைத் தீர்த்துவிடும். அப்புறம் கூடப் பிறந்ததுகள் காவடிப்புழுவைத் தின்று முடிக்க, இவை இறக்கை முளைக்காமலே செத்துப்போகும். ஒரே முட்டை, ஒரே ரத்தம், அதில் சிலதுக்கு மட்டும் இந்தத் தலையெழுத்து.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். பாட்டில் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 23
காலையில் பாட்டில் சுவரெல்லாம் கறுப்புப் பொடி, பொடி நகர்கிறது! எள்ளில் பாதிகூட இல்லை. வெள்ளைத் தாளில் தட்டி லென்ஸ் வைத்து எண்ணினேன், நானூற்றிச் சொச்சத்தில் கடல் காற்று தாளைத் தூக்கிவிட்டது. மிச்சத்தைக் காலிஃபிளவர் பக்கமே திறந்துவிட்டேன். வெறும் தோலைப் பிளந்து பார்த்தேன், சிப்பாய்கள் இருந்த அடையாளமே இல்லை. வேப்பெண்ணெய் பாட்டிலை அலமாரியில் ஏற்றியாகிவிட்டது.