இருபது வினாடி அப்பா

உள்ளூர் விளம்பரம் என்றால் பெரும்பாலும் இருபது வினாடி. வினாடிக்கு 25 பிரேம், மொத்தம் 500 பிரேம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மூன்று கிளை உள்ள ஜவுளிக்கடையாக இருந்தால் கடைப்பெயர், ஊர்ப்பெயர்கள், தள்ளுபடி, கடைசி நாள் இவற்றை வாசிக்கவே பத்து வினாடி போய்விடும். முடிவில் கடையின் சின்னம் நிற்க இரண்டு வினாடி. மிச்சம் எட்டு. அந்த எட்டுக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவர்களுக்குள் இருக்கும் பாசம், துணி எடுக்கப் போகும் சந்தோஷம் அத்தனையும் வந்தாக வேண்டும்.

எட்டு வினாடியில் ஒரு மனிதரை யாராலும் அறிமுகம் செய்ய முடியாது. அடையாளம்தான் காட்டலாம். நரைத்த மீசை இருந்தால் அப்பா. ஈரக்கையை முந்தானையில் துடைத்தால் அம்மா. கையில் பேப்பர் இருந்தால் கணவன், அந்தக் கணவனுக்குக் காப்பித் தம்ளரை நீட்டினால் மனைவி. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் பொருட்களை அடுக்கி வைக்கும் மேசை ஒன்று உண்டு. அங்கிருந்து எந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது என்பதிலேயே ஆண் இப்படி, பெண் இப்படி என்ற தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிடுகிறது. விளம்பரத்தைக் குறை சொல்பவர்கள் எழுதியவரின் மனசைத் தோண்டுவார்கள். மனசிலும் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவசரத்தின் கோளாறு அதைவிடப் பெரிது. திருத்துவதற்கும் அதுதான் எளிது.

வழக்கமாக ஆணுக்குக் கிடைக்கும் வேலைகள் மூன்று: பணம் கட்டுவது, விளக்கம் சொல்வது, சொதப்புவது.

பணம் கட்டுகிறவரை நகைக்கடை விளம்பரத்தில் பார்க்கலாம். ஆவணியும் தையும் நெருங்கும்போது அவர் வந்துவிடுவார். பட்டு வேட்டி, மகள் தலையில் வைத்த கை, கண்ணோரம் ஈரம். கல்யாண வீட்டில் ‘எத்தனை பவுன் போட்டாங்க?’ என்று கேட்கும் மாவட்டம் இது. ஆகவே அந்த அப்பாவின் முகம்தான் பில். கிளிசரின் கொஞ்சம் கூடிவிட்டால் கண் சிவந்து, மகளைப் பிரியும் துக்கம் போய், பவுன் விலையை நினைத்து அழுகிற முகமாகிவிடும். சம்பாதித்துத் தன் நகையைத் தானே எடுக்கும் பெண்கள் குமரி மாவட்டத்தில் நிறைய. நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் மட்டுமே எத்தனை பேர்! கடைக்குள் விற்பனைக்கு நிற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விளம்பரத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை. மாற்றுவதற்குத் தனிக் காட்சியே வேண்டாம்: கல்லாவில் கார்டை நீட்டும் கை அவளுடையதாக இருக்கட்டும், அப்பா அந்த நேரம் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வாட்ச் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஒன்றரை வினாடிதான் ஆகும்.

சிமெண்ட், கம்பி விளம்பரங்கள் இன்னும் மோசம். முறுக்கிய மீசை, சுருட்டிய வரைபடம், முழங்கால் உயரத்தில் கேமரா, பின்னால் முடிந்தால் 133 அடி வள்ளுவர். கீழிருந்து மேலே பார்த்தால் யாரும் பெரிய ஆளாகத் தெரிவார்கள்; பெண்ணை எடுக்கும்போது கேமரா கண் மட்டத்துக்கோ அதற்கு மேலேயோ போய்விடுவதை ஒளிப்பதிவாளரே கவனிப்பதில்லை. இந்த மாவட்டத்தில் வீடு எழும்பும்போது முன்னால் நின்று பார்ப்பது யார்? வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், அல்லது தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் என்றால் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாமல் இருப்பார். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணுவதும், கொத்தனாரிடம் கணக்குக் கேட்பதும் வீட்டம்மாதான். சிமெண்ட் வாங்குகிறவரையே சிமெண்ட் விளம்பரத்தில் காணோம். இதைப் பெண்ணுரிமை என்று பேசினால் முதலாளி எழுந்து போய்விடுவார். வாடிக்கையாளரைத் தவற விடுகிறீர்கள் என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாவது வேலை குரல். திரையில் பெண்கள் மட்டுமே வரும் மசாலா விளம்பரத்தில்கூட, ‘இதில் என்ன சிறப்பு?’ என்று வரும் இடத்தில் கனத்த ஆண் குரல் புகுந்துவிடும். ருசி அவளுக்கு, விவரம் அவனுக்கு. பெண் குரலில் பதிவு செய்து கொடுத்தால் ‘எடுபடல்லியே’ என்பார்கள். அது பெரும்பாலும் குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங்கின் கோளாறு. நாதஸ்வரத்தின் பலம் எந்தச் சுருதிப் பரப்பில் இருக்கிறதோ, பேச்சின் தெளிவும் அதே பரப்பில்தான் இருக்கிறது. ஆண் குரலுக்கு அடியில் கொஞ்சம் கனம் மிஞ்சுவதால் தப்பித்துவிடும், பெண் குரல் மூழ்கிவிடும். பேச்சுக்கு முன்னும் பின்னும் மட்டும் நாதஸ்வரம் வைத்து, பேச்சுக்கு அடியில் வீணையோ தாளமோ போட்டு, இசையை மூன்று நான்கு டெசிபல் இறக்கினால் அதே குரல் துல்லியமாக நிற்கும். குரலை மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் செய்து காட்ட வேண்டும்.

மூன்றாவது வேலைதான் இப்போது வளர்ந்து வருகிறது. மனைவி ஊருக்குப் போனதும் கணவன் அடுக்களையில் நுழைவான். மூக்கில் மாவு. பால் பொங்கும், தோசை கருகும், கடைசியில் பாக்கெட் மசாலா காப்பாற்றும். இது எந்த வீட்டு அடுக்களை என்பது முதல் கேள்வி. நம் ஊர்க் கல்யாணங்களில் ஆக்குப்புரையில் ஆயிரம் பேருக்கு அவியலும் எரிசேரியும் புளிசேரியும் ஆக்கி இறக்குவது ஆண்கள். முந்தின ராத்திரி தடியங்காயும் சேனையும் வெட்ட உட்காருகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் இனத்தைச் சேர்ந்த ஒருவனுக்குத்தான் திரையில் சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அதே ஆண்கள் வீட்டுக்கு வந்தால் கரண்டியைத் தொடுவார்களா என்பது வேறு கதை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 2019-இல் கூலியில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் 289-க்கு 88. அப்படியானால் சொதப்பும் கணவன் உண்மையைத்தானே காட்டுகிறான் என்று வாதம் வரும். அந்தச் சிரிப்பை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ‘எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்கிற ஆணுக்கு அது சான்றிதழ். கேலி ஆணுக்கு, வேலை பெண்ணுக்கு.

ஆண் சமைப்பதை ஒழுங்காகப் படமாக்கச் சில முன்வேலை வேண்டும். நடிக்க வருகிறவருக்கு உண்மையில் என்ன தெரியும் என்று முன்கூட்டியே கேட்டு, செய்ய வைத்துப் பார்த்து, அந்த ஒரு செயலை மட்டும் கதையில் வைக்க வேண்டும். உள்ளி (வெங்காயம்) உரிக்கத் தெரிந்தவரைத் தேங்காய் துருவச் சொன்னால் கை காட்டிக்கொடுத்துவிடும். ஏப்ரன் வேண்டவே வேண்டாம், அது இங்கே மாறுவேடம். சாரம் (லுங்கி), தோளில் ஒரு தோர்த்துத் துண்டு போதும். தோர்த்தால் சட்டியைப் பிடித்து இறக்குகிறவரைப் பார்த்தாலே பழக்கப்பட்ட கை என்று தெரியும். ஆவி தெரிய வேண்டுமானால் விளக்கு பின்பக்கத்திலிருந்து வர வேண்டும், மின்விசிறி நிற்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு தோசைக்கல்லில். விளக்கு சரிசெய்யும் அரை மணி நேரமும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கல் மிதமிஞ்சிக் காய்ந்து, மாவு கரண்டியோடு சுருண்டு வரும். உடனே ‘ஆம்பிளைக்குத் தோசை வராது’ என்று எல்லாரும் சிரிப்பார்கள், அந்த டேக்கே விளம்பரத்திலும் போய்விடும். தண்ணீர் தெளித்து, வெட்டிய உள்ளியால் தேய்த்துக் கல்லைத் தணித்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும்.

டப்பிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே புதிதாக ஒரு படிநிலை முளைக்கிறது. மும்பையில் எடுத்த படம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும். ஆங்கிலத்தில் கணவனும் மனைவியும் ஒரே ‘யூ’. தமிழுக்கு வந்ததும் எழுதுகிறவர் கை தானாக அவன் வாயில் ‘சாப்பிட்டியா?’, அவள் வாயில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று பிரித்துவிடும். தமிழ் வினைச்சொல்லின் வால் மரியாதையைக் காட்டியே தீரும், மறைக்க முடியாது. நம் மாவட்டத்தில் மலையாள சேனலும் ஓடுவதால் அதே விளம்பரத்தை இரண்டு மொழியிலும் பார்க்கலாம்: மலையாள வினைக்கு அந்த வால் இல்லை, இருவருக்கும் ‘கழிச்சோ’தான். அங்கே கணவனை மரியாதையாக அழைக்கும் ‘சேட்டா’ என்று ஒரு சொல் சேர்த்தால்தான் வித்தியாசம் தெரியும். தமிழில் சும்மா இருந்தாலே தெரிந்துவிடும்.

இதற்குச் சுற்றுவழிகள் உண்டு. அந்த மரியாதை வால் இல்லாத வினைமுடிவுகளைத் தேடிப் போட வேண்டும்: ‘சாப்பிடலாமா’, ‘பால் வாங்கணும்’, ‘துணி காஞ்சாச்சு’. ‘நாம’ என்று தொடங்கினால் இருவரும் ஒரே தட்டில் வந்துவிடுவார்கள். இளம் ஜோடி என்றால் இரண்டு பக்கமும் ‘நீ’ போடலாம்; வயதானவர்கள் என்றால் இரண்டு பக்கமும் ‘நீங்க’ பொருந்தும். ‘அத்தான்’ என்று கூப்பிடும் வீடுகள் இங்கே உண்டு, அதைக் கேலியாக்காமல் வைத்தால் அழகாகவே இருக்கும். உதடு மூடும் ப, ம எழுத்துகள் திரையில் உதடு மூடும் இடத்தில் விழ வேண்டும் என்பதால் எல்லாம் நினைத்தபடி அமையாது. அமையாத இடத்தில் முகம் தெரியாத ஷாட்டுக்கு அந்த வசனத்தைத் தள்ளிவிடலாம்.

பெரிய நிறுவனங்கள் முயன்று பார்த்தவையும் நமக்குப் பாடம்தான். 2014-இல் ஏர்டெல் விளம்பரம் ஒன்றில் மனைவி மேலதிகாரி, கணவன் அவள் கீழ் வேலை செய்கிறவன். அவனை ஆபீஸில் வேலைக்கு உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவனுக்காகச் சமைக்கிறாள். ஆபீஸ் மாறியது, அடுக்களை அப்படியே நின்றது. விமரிசனம் அங்கேதான் விழுந்தது. ஏரியல் 2015-இல் தொடங்கிய ‘ஷேர் த லோட்’ வரிசை துணி துவைப்பது யார் வேலை என்று நேராகக் கேட்டது. அடுத்த ஆண்டு ஓர் அப்பா தன் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். அது நீளமான படம், மனம் மாறுவதற்கு அவகாசம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இருபது வினாடிக்குள் அப்படியே செய்யக் கேட்கிறார்கள். அப்போது வருவது விருந்தாளிக் கணவன். அவன் இரண்டு வினாடி துணி உலர்த்துவான். மனைவி பிரமித்துப் பார்க்க இரண்டு வினாடி, மாமியார் வாய் பிளக்க ஒன்று, இசை எழும்ப ஒன்று. சொந்த வீட்டில் வேலை செய்கிறவனுக்கு யாரும் கை தட்ட மாட்டார்கள்.

விளம்பரம் எடுக்கிற நாங்கள் கண்ட வழி, வேலையைப் பின்புலத்துக்குத் தள்ளுவது. முன்னால் மகள் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசட்டும். பின்னால் சற்று மங்கலாக அப்பா துணி மடக்கட்டும். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லக் கூடாது. ஐம்பது பிரேம் போதும். சேலையைக் கொடுக்காதீர்கள், ஐந்தரை மீட்டரைத் தனி ஆள் மடக்கினால் தரையில் புரளும், மறுபடி நகைச்சுவையாகிவிடும். சட்டை, சாரம், பள்ளிச் சீருடை சரியாக இருக்கும். வெளியில் கொடியில் துணி காயும் காட்சி வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் எடுத்துவிடுவது நல்லது. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்துணி தொங்கிக் கொடி தாழ்ந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் உயரம் மாறும்.

விதிகள் இருக்கின்றன. 1994-இன் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது, பெண்ணைப் பணிந்து கிடப்பவளாகவும் இரண்டாம் இடத்துக்கு உரியவளாகவும் காட்டக் கூடாது என்கிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2022 வழிகாட்டுதல் எல்லாப் பாலினத்துக்கும் பொருந்தும்: பெண் வீடு துடைப்பதைக் காட்டலாம், ஆண் அலுவலகம் போவதைக் காட்டலாம், ஆனால் அது அவர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லக் கூடாது. பிரிட்டனில் இத்தகைய விதி 2019 ஜூனில் அமலானது. ஆகஸ்டிலேயே அதன்படி தடை வாங்கிய இரண்டு விளம்பரங்களில் ஒன்று, சாப்பாட்டில் மயங்கிய அப்பாக்கள் உணவு சுற்றிவரும் பட்டையில் குழந்தைகளை விட்டுவிடுவது. சொதப்பும் ஆணுக்கும் அங்கே வழக்கு உண்டு.

எடுத்து முடித்ததைச் சோதிக்க ஒரு தாளும் ஸ்டாப்வாட்சும் போதும். ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டி, யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், பொருளை யார் தொடுகிறார், கடைசி பிரேமில் யார் முகம் என்று குறிக்க வேண்டும். இன்னொரு முறை படத்தை மூடிவிட்டு, யார் குரல் எத்தனை வினாடி என்று எடுக்க வேண்டும். பிறகு ஆள்களை மனசுக்குள் இடம் மாற்றிப் பார்த்தால், சிரிப்பு வருகிற இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

முதலாளி இதற்கெல்லாம் சம்மதிப்பாரா என்று கேட்பார்கள். ‘ஆம்பிள துணி மடக்குற மாதிரி காட்டினா நாலு பேரு என்ன சொல்லுவான்?’ என்பது வழக்கமான முதல் பதில். அங்கே விவாதம் வேண்டாம். அதே விளக்கு, அதே இடத்தில், அப்பா பேப்பர் படிப்பது ஒன்று, துணி மடக்குவது ஒன்று என்று இரண்டு டேக் எடுத்து, இரண்டையும் முழுசாக எடிட் செய்து அவர் வீட்டுக்காரர்களோடு பார்க்கக் கொடுத்துவிட வேண்டும். கூடுதலாக ஆவது கால்மணி நேரம்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முதல் ஷாட்டில் மடக்கி வைத்தது நான்கு சட்டை என்றால், அடுத்த ஷாட்டில் ஐந்து இருக்க வேண்டும், மூன்று அல்ல. ஆண்கள் கவனிக்காவிட்டாலும், வீட்டில் துணி மடக்குகிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.