அந்த விருதுப் பட்டியலைக் கிழிச்சுப் போடுங்க

பிலிம் இன்ஸ்டிடியூட் நுழைவுத் தேர்வு ரிசல்ட் வந்து மூணு நாள் ஆச்சு. டைரக்‌ஷன் கோர்ஸுக்குத் தேர்வானவங்க லிஸ்ட்ல கடைசியிலிருந்து ரெண்டாவதா என் பேர். போதும்டா சாமி!

போன வருஷம் எழுத்துத் தேர்வுல தப்பிச்சு, நேர்முகத்துல மண்ணைக் கவ்வினேன். பிடிச்ச இயக்குநர் யாருன்னாங்க. “மலையாள டைரக்டர் ஜான் ஆபிரகாம்”னேன். (அம்மா இன்னமும் அந்த இந்தி நடிகர்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க.) “முதல் படத்துக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?” நான் விருதுப் பட்டியல் மனப்பாடத்தை அவிழ்த்துவிட்டேன்: 1977, ‘அக்ரஹாரத்தில் கழுதை’, தேசிய விருது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தவர், “அது முதல் படமே இல்லையே”ன்னார். அதோட சரி.

இந்தத் தடவை அவரோட ஆரம்ப வருஷங்களை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். குட்டநாட்டுக்காரர். எல்.ஐ.சி. வேலையை உதறிட்டு புனே பிலிம் இன்ஸ்டிடியூட் போறார். அங்கே வாத்தியார் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக். வெளியே வந்து இந்திப் பட இயக்குநர் மணி கௌலோட ‘உஸ்கி ரோட்டி’யில (1969) உதவி இயக்குநர். 1972ல மலையாளத்துல முதல் படம், ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’. அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கழுதை. அதுவும் தமிழ்ல! திரைக்கதை வெங்கட் சாமிநாதன், கழுதைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர்ற பேராசிரியரா இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

அந்த அஞ்சு வருஷத்தைத்தான் நான் நோண்டிக்கிட்டே இருந்தேன். நேர்முகத்துலயும் வண்டி அங்கேதான் போய் நின்னுச்சு. கட்டக்கோட கொந்தளிப்பு, மணி கௌலோட அசையாமை, ரெண்டும் கழுதைப் படத்துல எங்கே இருக்குன்னு கேட்டாங்க. கடைசியில வர்ற தீ கட்டக், அதுவரைக்கும் பேராசிரியர் தனியா நிக்கிற நிலை மணி கௌல்னு சொன்னேன். ஒருத்தர் ஒத்துக்கவே இல்லை. அவங்களுக்குள்ளேயே சண்டை, நான் தண்ணி குடிச்சேன். மொத்த நேர்முகமும் அதுலயே ஓடிப்போச்சு.

இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு என் கணக்கு இவ்வளவுதான்:

- ஒரே ஒரு இயக்குநரை எடுங்க. அஞ்சு பேர் வேணாம்.
- முன்னாடி என்ன வேலை, யார் வாத்தியார், யார்கிட்ட உதவி, காசு யார் போட்டது. ‘உஸ்கி ரோட்டி’க்கு அரசோட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன். இதே ஜான் 1986ல ‘அம்ம அறியான்’ எடுக்க ‘ஒடேசா’ங்கிற திரைப்படக் குழுவோட ஊர் ஊரா சாப்ளின் படம் போட்டுக் காட்டிக் காசு திரட்டினார். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, கேள்வி தானா வரும்.
- படத்தை ரெண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க.
- அப்ஜெக்டிவ் தாளுக்குப் பழைய கேள்வித்தாள். வேற வழி எனக்குத் தெரியாது.
- குரூப் ஸ்டடி? எனக்குத் தூக்கம் வரும்.

நானும் இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் இருக்கேன், கிளெய்ம் செக்‌ஷன். ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள். வேலையை விடப்போறேன்னு அப்பாகிட்ட இன்னும் வாயைத் திறக்கலை.