அறுந்துபோகும் இணைப்புக்கு ஏற்ற கருவிகள்: ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சைக்குப் படித்த அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தபடி, சிங்கப்பூரில் மாத வாடகைக்கு எடுத்திருந்த சிறிய லினக்ஸ் சேவையகம் ஒன்றில் மென்பொருட்களைப் புதுப்பிக்கும் கட்டளையை இட்டுவிட்டுக் காத்திருந்தபோது மின்சாரம் நின்றது. மாரி காலத்தில் இது எங்களுக்குப் புதினமல்ல. அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் உள்நுழைந்து பார்த்தால், சில மென்பொருட் பொதிகளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றாகக் கிடந்தன. இணைப்பு அறுந்ததைச் சேவையகம் உணர்ந்ததும் அந்த எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் மறைகுறியாக்கத்துடன் நுழைந்து கட்டளையிடும் முறை) அமர்வை மூடிவிடும். அமர்வின் கீழ் ஓடிக்கொண்டிருந்த கட்டளைகளுக்குத் தொடர்பு முடிந்ததென்ற சைகை செல்லும். பெரும்பாலான கட்டளைகள் அதைப் பெற்றதும் பாதியிலேயே நின்றுவிடும். இதை நான் படித்திருந்தேன், ஆனால் பழுதான பொதிகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்து ஓர் இரவைச் செலவழிக்கும்வரை அதற்கேற்ப எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அதன்பின் எந்தக் கருவியையும் தெரிவு செய்வதற்கு முன்னர், நடுவில் இணைப்பு போனால் இது என்ன செய்யும் என்பதையே முதலில் பார்க்கிறேன். லினக்ஸ் முறைமை நிர்வாகிகளுக்காக ரெட் ஹற் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சைக்குத் தயாராகியபோது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: வெறும் சேவையகத்தில் இது ஏற்கனவே இருக்கிறதா? அந்தப் பரீட்சையில் பல்தேர்வு வினாக்கள் இல்லை. உண்மையான முறைமையில் வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். 300 புள்ளிகளுக்கு 210 எடுத்தால் சித்தி. இணையம் கிடையாது, முறைமையிலேயே உள்ள கையேட்டுப் பக்கங்கள் மட்டும் கைகொடுக்கும். வினாக்களை வெளியே பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டே எழுதுகிறோம் என்பதால், நான் இங்கே சொல்வது தயாரிப்பைப் பற்றி மட்டுமே.

முதலில் எஸ்எஸ்எச். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைத் தொடர்ந்து, ததூ உலோனன் என்பவர் இதை எழுதினார். அதற்கு முன் பரவலாக இருந்த ரெல்நெற், கடவுச்சொல்லையும் அப்படியே வெளிப்படையாக அனுப்பியது. இன்று நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் 1999இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் தொடங்கிய ஓபன்எஸ்எஸ்எச். விண்டோஸ் 10இல் 2018 முதல் இதன் பயனர் கருவி உள்ளேயே வருவதால், ‘பட்டி’ போன்ற தனி மென்பொருளைத் தேடி இறக்கத்தான் வேண்டும் என்றில்லை. பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பரீட்சைக்குப் படிப்பவர் கட்டளை வரியிலேயே எஸ்எஸ்எச்சைப் பழகுவது நல்லது, ஏனென்றால் ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சாளரமும் பொத்தானும் அங்கே இருக்காது.

எஸ்எஸ்எச்சில் நான் பிந்திக் கற்று, முந்தியே கற்றிருக்கலாம் என்று வருந்திய விடயங்கள் இரண்டு. இணைப்பு அறுந்து திரை உறைந்துபோனால் பலர் சாளரத்தையே மூடிவிடுகிறார்கள். என்ரர் விசையை அழுத்தி, பின் அலைக்குறியையும் முற்றுப்புள்ளியையும் தட்டினால் போதும். செத்த அமர்வு மட்டும் போய், சாளரம் மிஞ்சும். மற்றது, பயனர் பக்க அமைவுக் கோப்பில் சேவர் அலைவ் இன்ரவல் என்ற வரியை 30 செக்கனுக்கு இடுவது. இயல்பில் அது பூச்சியமாக, அதாவது அணைந்த நிலையில் இருக்கும். 30 இட்டால், கருவி அத்தனை செக்கனுக்கு ஒருமுறை சேவையகத்தைக் கேட்டுப் பார்க்கும். தொடர்ந்து மூன்று தடவை பதில் வராதபோது, ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில், இணைப்பு போய்விட்டது என்று கருவி தானே சொல்லிவிடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிச் சோடி (சேவையகத்தில் ஒன்றும் உங்களிடம் ஒன்றுமாக இருக்கும் இரு மறைகுறிக் கோப்புகள்) வைத்துக்கொள்ளுங்கள், சாவிக்கும் ஒரு மறைசொல் இடுங்கள்.

ஆனால் எஸ்எஸ்எச் மட்டும் என் மின்வெட்டுக்கு மருந்தாகவில்லை. மருந்து ரீமக்ஸ். இதன் அமர்வு உங்கள் மடிக்கணினியில் அல்ல, சேவையகத்திலேயே உயிரோடு இருக்கிறது. இணைப்பு போனால் நீங்கள்தான் வெளியே நிற்கிறீர்கள், உள்ளே வேலை தொடர்ந்து நடக்கிறது. மீண்டும் உள்நுழைந்து ‘அற்றாச்’ என்றால் விட்ட இடத்தில் அதே திரை. 1987 முதல் இதே வேலையைச் செய்துவந்த ஸ்கிரீன், ரெட் ஹற் நிறுவன லினக்ஸின் 8ஆம் பதிப்பின் மூலத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ரீமக்ஸில் எல்லாவற்றையும் கற்கத் தேவையில்லை. புதிய அமர்வு தொடங்குதல், கொன்ரோலும் பி விசையும் அழுத்திப் பின் டி தட்டி விலகுதல், திரும்ப இணைதல் ஆகிய மூன்றும் போதும். புதுப்பிப்பு, பெரிய பிரதி, தரவுத்தள மீட்பு எதுவானாலும் இப்போது நான் ரீமக்ஸுக்கு வெளியே தொடங்குவதில்லை.

மோஷ் என்ற கருவியை எனக்கு உணர்த்தியது உதயதேவி ரயில். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், கையடக்கத் தொலைபேசியின் இணைப்பில் மடிக்கணினியைக் கோர்த்து வேலை செய்தால், வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் இடையில் எஸ்எஸ்எச் ஒவ்வொரு தடவையும் செத்துவிடும். மோஷ் சாகாது. அது எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்தபின் யுடிபி என்ற, நிலையான இணைப்பு தேவையில்லாத அனுப்பும் முறைக்கு மாறி, 60000 முதல் 61000 வரையான துறைகளில் (சேவையகத்தின் வலையமைப்பு வாசல் எண்களில்) ஒன்றைப் பயன்படுத்துவதால், ஐபி முகவரி மாறினாலும், சைகை பத்து நிமிடம் இல்லாமற்போனாலும், வாழைச்சேனையில் அலை திரும்பியதும் அமர்வு தானாக விழித்துக்கொள்கிறது. அத்துடன் நீங்கள் தட்டும் எழுத்தை, சேவையகத்தின் பதிலுக்குக் காத்திராமல் ஊகித்துத் திரையில் காட்டும். தூரத்துச் சேவையகங்களில் இதன் அருமை புரியும். பிராங்பேர்ட் இலங்கையிலிருந்து ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர்தான் செல்லும் என்பதால், நேர்கோட்டில் கம்பி இழுத்தாலும் போய்வர 80 மில்லிசெக்கன் ஆகும். எந்த இணையப் பொதியை வாங்கினாலும் இது குறையாது. மோஷின் குறைகளும் உண்டு: மேலே ஓடிய வரிகளைப் பின்னோக்கிப் பார்க்க முடியாது, சேவையகத்திலும் அதை நிறுவி, தீச்சுவரில் அந்தத் துறைகளைத் திறக்க வேண்டும். முதற்குறைக்கு மோஷுக்குள் ரீமக்ஸைத் திறந்தால் தீர்வு.

மின்வெட்டு நேரத்தில் அன்ட்ரொயிட் தொலைபேசியில் ரேர்மக்ஸ் என்ற செயலி மூலம் எஸ்எஸ்எச், மோஷ் இரண்டையும் இயக்கலாம். பெயர் ஒத்திருந்தாலும் ரேர்மக்ஸ் வேறு, ரீமக்ஸ் வேறு. முதற்கிழமை நானே குழம்பினேன்.

கோப்புகளை அனுப்ப ஆர்சிங்க். பார்ஷல் தெரிவோடு அனுப்பினால், பாதியில் அறுந்தாலும் போய்ச் சேர்ந்த பகுதி அங்கேயே இருக்கும். மறுபடி அதே கட்டளையை இட்டால் மீதிதான் செல்லும். டேற்றாவுக்குக் காசு கட்டுபவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வரைகலைத் திரையைத் தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் கருவிகளை நான் கைவிட்டுவிட்டேன். சொடுக்கும் இடமொன்று, திரை அசையும் நேரமொன்று. பார்வைக்கு ஏதாவது வேண்டுமென்றால், 9090ஆம் துறையில் உலாவி வழியாகத் திறக்கும் கொக்பிற் என்ற நிர்வாகப் பக்கம் போதுமானது. அதையும் இணையத்துக்குத் திறந்துவிடாமல், எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே செல்லும் சுரங்கம் வழியாக அணுகுங்கள். பரீட்சைக்கு அதை நம்பிப் படிக்காதீர்கள். அங்கே விம் தொகுப்பியும் கட்டளைகளுமே விரலில் இருக்க வேண்டும்.

மறுதொடக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சையில் மறுதொடக்கத்துக்குப் பின்னரும் நிலைக்கும் அமைவுக்குத்தான் புள்ளி. தொலைதூரச் சேவையகத்திலும் நிலைமை அதுவே, ஒரு வேறுபாடு என்னவென்றால் அங்கே எழுந்து போய் விசைப்பலகையைத் தட்ட முடியாது. எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்ராப் கோப்பில் ஒரு வரி பிழைத்தால் முறைமை எழும்பாமல் அவசர நிலையில் நின்றுவிடும். ஆகவே மறுதொடக்கத்துக்கு முன் மவுண்ட் கட்டளையை அனைத்தையும் இணைக்கும் தெரிவோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். எஸ்எஸ்எச் அமைவை மாற்றும்போது, சோதிக்கும் தெரிவோடு எஸ்எஸ்எச்டியை (சேவையகப் பக்கத்தில் ஓடும் எஸ்எஸ்எச் சேவையை) ஓட்டிப் பிழையில்லையென்று கண்டபின் சேவையை மீளத் தொடங்குவதும், பழைய அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு இன்னொரு சாளரத்தில் உள்நுழைந்து பார்ப்பதும் இதே வகை. நான் ஒருமுறை துறை எண்ணை மாற்றி, தீச்சுவரிலும் திறந்தேன். எந்தச் சேவை எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கான எஸ்ஈலினக்ஸுக்குச் சொல்ல மறந்தேன். வழமையான 22 அல்லாத வேறொரு துறையில் அமர எஸ்எஸ்எச்சுக்கு அது அனுமதி தரவில்லை. பழைய அமர்வு திறந்திருந்ததால் தப்பினேன். இதனால்தான், சேவையகம் வாடகைக்கு எடுக்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், உலாவி வழியாக அதன் நேரடித் திரையை அணுக வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது அடுத்த கட்டமான ஆர்எச்சிஈ பரீட்சைக்காக அன்சிபிள் படிக்கிறேன். எஸ்எஸ்எச் வழியாகவே பல சேவையகங்களுக்கு ஒரே தடவையில் கட்டளையிடும் கருவி இது. நிர்வகிக்கப்படும் பக்கத்தில் தனி முகவர் மென்பொருள் வேண்டியதில்லை. அதைக் கல்லடியில் உள்ள மடிக்கணினியிலிருந்து ஓட்டுவதில்லை. சிங்கப்பூரில் உள்ள அதே சிறிய சேவையகத்தில், ரீமக்ஸுக்குள் ஓட்டிவிட்டு, மின்சாரம் நின்றால் கீழே போய்த் தேநீர் குடிக்கிறேன்.